இரும்பு நகத்தின் பிடி யார் கையில்?

கோவையில் நமக்குத் தெரிந்த பஞ்சாலைத் தோழர் ஒருவர், போனஸ் கைக்கு வந்த வாரத்தில், மனைவியையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஊரிலுள்ள பெரிய மால் ஒன்றுக்குப் போனார். "ஒருக்காவாச்சும் புள்ளையை அங்கே கூட்டிட்டுப் போங்க" என்று வீட்டில் நெடுநாளாக நச்சரிப்பு. மாடியிலே கேம் சென்டர். கண்ணைப் பறிக்கும் விளக்குகள், காதைப் பிளக்கும் சங்கீதம். வாசலில் ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கொடுத்தார்கள். ஐந்நூறு ரூபாய் என்பது அவருக்கு ஒரு ஷிப்டுக் கூலி.

கண்ணாடிப் பெட்டிக்குள்ளே கரடிப் பொம்மைகள் குவிந்து கிடந்தன. மேலே மூன்று விரல் கொண்ட ஓர் இரும்பு நகம். குழந்தை அங்கேயே நின்றுவிட்டாள். ஐந்து தடவை ஆடினார். மிச்சப் பணம் டிக்கெட் கக்கும் பெட்டிகளில் போயிற்று. முக்கால் மணி நேரத்தில் அட்டை காலி. சேர்ந்த டிக்கெட்டுகளுக்குக் கவுண்டரில் ஒரு பென்சிலும் ஒரு ரப்பர் வளையமும் கொடுத்தார்கள்.

மறுநாள் சங்க ஆபீசில் அவர் நம்மிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "தோழர், அந்த நகம் கரடியைத் தூக்குச்சுங்க. பாதி தூரம் கொண்டாந்துச்சு. அப்புறம் கை தளர்ந்து போச்சு. நான் இருபது வருஷமா மெஷினோட பழகுறவன். மெஷின் தானாத் தளராதுங்க. யாரோ தளரச் சொல்லி வெச்சிருக்காங்க."

பக்கத்திலிருந்த இளைஞர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது முழு உண்மை.

அந்த நகத்தை மூடச் செய்வது ஒரு மின்காந்தச் சுருள். சுருளுக்குப் போகும் மின்சாரம் கூடினால் பிடி இறுகும். குறைந்தால் பிடி தளரும். எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை முழுப் பிடி கொடுப்பது, மற்ற ஆட்டங்களில் எவ்வளவு தளர்த்துவது, தூக்கிய பிறகு நடுவழியில் பிடியைக் குறைப்பதா என்பதையெல்லாம் பெட்டிக்குள்ளே எண் போட்டு வைக்கலாம். இது இரகசியமுமில்லை. இன்று விற்பனையாகும் இத்தகைய மெஷின்கள் பலவற்றின் கையேட்டில் இதற்கென்றே பக்கங்கள் இருக்கின்றன. ஓர் ஆட்டத்துக்கு என்ன காசு, பொம்மையின் அடக்கவிலை என்ன, முதலாளிக்கு எவ்வளவு நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். கணக்கை மெஷினே போட்டுக்கொள்ளும் வகைகளும் உண்டு.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆட்டம் 60 ரூபாய் என்றும், பொம்மையின் அடக்கவிலை 240 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வசூலில் நாலில் மூன்று பங்கு தனக்கு வேண்டும் என்கிறான் முதலாளி. அப்படியானால் ஒரு பொம்மை வெளியே போவதற்குமுன் பெட்டிக்குள் 960 ரூபாய் விழுந்தாக வேண்டும். அதாவது 16 ஆட்டம். பதினைந்து பேருக்குத் தளர்ந்த பிடி. பதினாறாவது ஆளுக்கு இறுகிய பிடி. அந்தப் பதினாறாவது ஆள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு குதிக்கும்போது சுற்றி நிற்கும் பதினைந்து பேரும் என்ன நினைக்கிறார்கள்? 'அவனுக்குக் கை சாமர்த்தியம் இருக்கிறது, நமக்கு இல்லை' என்று! மறுபடி அட்டையை நீட்டுகிறார்கள்.

தஞ்சைத் தரணியின் விவசாயத் தொழிலாளர்களுக்கு இது புதிய சங்கதியல்ல. கூலி அளக்க ஒரு மரக்கால், நெல்லை வாங்கி அளக்க வேறொரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த மிராசுதார்களின் கதையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று அளவு மரக்காலாவது கண்ணுக்குத் தெரிந்தது. கையில் எடுத்துப் பார்க்கலாம், சண்டை போடலாம். இன்று மரக்கால் பெட்டிக்குள்ளே, பூட்டுக்குள்ளே இருக்கிறது.

இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது? இதன் பூர்வோத்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பொம்மைப் பெட்டிக்கு அண்ணன் ஒருவன் உண்டு. அவன்தான் வீடியோ கேம்.

1972-ல் அமெரிக்காவில் அடாரி என்ற புதிய கம்பெனி 'பாங்' என்ற ஆட்டத்தைச் செய்து, கலிபோர்னியாவிலுள்ள ஒரு மதுக்கடையில் பரீட்சைக்கு வைத்தது. கொஞ்ச நாளில் பெட்டி வேலை செய்யவில்லை என்று செய்தி வந்தது. அதைச் செய்த என்ஜினீயர் ஆல் அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. காசு நிரம்பி வழிந்து, அதனால்தான் நின்றுபோயிருக்கிறது! இந்தக் கதையை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். வேடிக்கையான கதைதான். ஆனால் அன்று முதல் இந்தத் தொழிலில் நல்ல ஆட்டம் எது, கெட்ட ஆட்டம் எது என்று தீர்ப்புச் சொல்லும் ஜட்ஜ் அந்தக் காசுப் பெட்டிதான்.

1979-ல் அதே கம்பெனி 'ஆஸ்டராய்ட்ஸ்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. விண்வெளியில் மிதந்து வரும் பாறைகளைச் சுட்டுத் தள்ள வேண்டும். நாடெங்கும் பித்துப் பிடித்ததுபோல் ஆடினார்கள். ஆடிப் பழகிய பையன்கள் சிலர் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். பாறைகளில் ஒன்றை மட்டும் உடைக்காமல் மிச்சம் வைத்து, திரையின் ஓரத்தில் பதுங்கிக்கொண்டு, வரும் பறக்கும் தட்டுகளை மட்டும் சுட்டால் புள்ளிகள் ஏறிக்கொண்டே போகும். ஆட்டம் முடியவே முடியாது. ஒரு கால் டாலர் காசில் மணிக்கணக்காக நின்றான் பையன். பின்னால் நிற்பவன் காசு போட வழியில்லை.

முதலாளி என்ன செய்வான் என்று நம் மில் தொழிலாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்யும் தொழிலாளி கை பழகி, கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதிக்க ஆரம்பித்தவுடன் மேனேஜ்மெண்ட் என்ன செய்கிறது? ரேட்டைக் குறைக்கிறது. ஸ்பிண்டில் வேகத்தை ஏற்றுகிறது. 'இன்னும் இரண்டு சைடு சேர்த்துப் பார்' என்கிறது. அதேதான் அங்கேயும் நடந்தது. அடுத்து வந்த 'ஆஸ்டராய்ட்ஸ் டீலக்ஸ்' ஆட்டத்தில் பறக்கும் தட்டு சுடும் முறையை மாற்றி, பதுங்கும் தந்திரத்துக்குச் சமாதி கட்டினார்கள்.

இதற்கென்றே ஒரு தனி வியாபாரம்கூடப் பிறந்தது. 1981-ல் அமெரிக்காவில் படிப்பை விட்டு வந்த சில மாணவர்கள், ஏற்கெனவே கடைகளில் இருந்த 'மிஸைல் கமாண்ட்' பெட்டிக்குள் பொருத்துவதற்கு ஒரு மின்பலகை செய்து 295 டாலருக்கு விற்றார்கள். அதைப் பொருத்தினால் ஆட்டம் கடினமாகும். பழகிய கைகளும் சீக்கிரம் தோற்கும். காசுப் பெட்டி மறுபடி நிறையும். கடைக்காரர்கள் தேடி வாங்கினார்கள். அடாரி கம்பெனி வழக்குப் போட்டது. தன் ஆட்டத்தை அனுமதியின்றி மாற்றிவிட்டார்கள் என்பதுதான் அதன் வழக்கு. ஆடுகிறவனைப் பற்றி யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

1985-ல் 'கான்ட்லெட்' வந்தது. நாலு பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் ஆடலாம். அதில் ஆட்டக்காரனின் உயிருக்கு ஓர் எண். எதிரி அடித்தாலும் குறையும். எதிரி அடிக்காவிட்டாலும் குறையும். சும்மா நின்றாலும் நொடிக்கு நொடி தேய்ந்துகொண்டே போகும். காசு போட்டால் உயிர் ஏறும். இதைச் செய்தவர் கெட்டிக்காரர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அன்றாடங்காய்ச்சியின் வாழ்க்கையை இவ்வளவு துல்லியமாக ஒரு பெட்டிக்குள் அடைத்தவர் வேறு யார்?

ஆட்டம் என்றாலே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. நாமும் பள்ளிக்கூட நாட்களில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வீடியோ கேம் கடையில் நின்றவர்கள்தாம். அந்தக் கடைக்காரர் நேரக் கணக்குக்குக் காசு வாங்குவார். அரை மணிக்கு இவ்வளவு. திறமையாக ஆடினாலும் அரை மணி, ஒன்றும் தெரியாமல் ஆடினாலும் அரை மணி. கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். இன்றைய மாலின் பெட்டியைவிட அது யோக்கியமான வியாபாரம் என்பது நம் அபிப்பிராயம்.

இனி, இந்தப் பெட்டிகளைச் செய்தவர்களின் கதைக்கு வருவோம். ஆடுகிறவனைத் தண்டிக்கும் அதே காசுப் பெட்டி, செய்கிறவனையும் தண்டிக்கிறது. இதை நம் பத்திரிகைகளில் யாரும் எழுதுவதில்லை.

ஓர் ஆட்டத்தைப் பல மாதங்கள், சில சமயம் ஒன்றிரண்டு வருஷம் பாடுபட்டுச் செய்கிறார்கள். படம் வரைகிறவர், இசையமைக்கிறவர், மின்பலகை செய்கிறவர், மரப்பெட்டி செய்கிற தச்சர் ஆகிய பலருடைய உழைப்பு அது. பிறகு சில மாதிரிப் பெட்டிகளை மட்டும் செய்து, ஊரிலுள்ள ஆட்டக் கூடங்களில் மற்றப் பெட்டிகளோடு நிறுத்தி வைப்பார்கள். வாரக் கடைசியில் காசை எண்ணுவார்கள். காசு போதாது என்றால் உற்பத்தி ரத்து. மாதிரிப் பெட்டிகள் கிடங்குக்குப் போகும், அல்லது உடைக்கப்படும்.

1982-ல் அடாரி கம்பெனியில் உருவான 'அக்கா ஆர்' என்ற ஆட்டத்துக்கு இந்தக் கதி வந்தது. பெயரைக் கேட்டு நம் அக்காமார் கோபிக்க வேண்டாம். அது அங்கே வைத்த பெயர். ஆடிப் பார்த்தவர்களுக்கு அது மிகக் கடினமாக இருந்ததால் கைவிட்டார்கள். உலகத்தில் இப்போது மூன்றே பெட்டிகள் இருப்பதாகத் தெரிகிறது. அவற்றுள் அடங்கிய நிரல் 2019-ல்தான் வெளியே வந்தது; 2023-ல் அதே பெயரில் புதிய ஆட்டமொன்றைச் செய்து விற்றார்கள். 41 வருஷம் கழித்து!

இன்னொன்று, 1984-ல் வந்த 'மார்பிள் மேட்னஸ்' என்ற ஆட்டத்தின் இரண்டாம் பாகம். சரிவான பாதைகளில் கோலிக்குண்டை உருட்டிச் செல்லும் அழகான ஆட்டம் அது. முதல் பாகத்தைச் செய்த மார்க் செர்னி அடாரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினேழு. இரண்டாம் பாகத்தை வேறு தோழர்கள் 1991-ல் செய்து முடித்தார்கள். ஆனால் பரீட்சைக்கு வைத்த நேரத்தில் பக்கத்திலேயே 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் II' என்ற அடிதடி ஆட்டம் காசை அள்ளிக்கொண்டிருந்தது. கோலிக்குண்டு தோற்றது. செய்து முடித்த ஆட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். அது மோசமான ஆட்டமா? 2022-ல் அதன் நிரல் யார் மூலமாகவோ வெளிவந்த பிறகு பொதுமக்கள் ஆடிப் பார்க்க முடிந்தது. முப்பது வருஷம் விற்பனைக்கு வராமலே கிடந்தது என்பதுதான் விஷயம்.

மூன்றாவது கதை வேறு விதம். 1980-ல் எட் ராட்பர்க் என்பவர் 'பேட்டில்ஸோன்' என்ற டாங்கிச் சண்டை ஆட்டத்தைச் செய்தார். அதைப் பார்த்த அமெரிக்க இராணுவ வட்டாரங்கள், பிராட்லி என்ற கவச வண்டியின் துப்பாக்கிக்காரர்களுக்குப் பயிற்சி தர இதேபோல் ஒன்று செய்து கொடுங்கள் என்று கம்பெனியை அணுகின. ராட்பர்க் எதிர்த்தார். இராணுவ வேலை வேண்டாம் என்றுதான் தம்மைப் போன்றவர்கள் விளையாட்டுத் தொழிலுக்கு வந்தோம் என்று வாதாடினார். கம்பெனி கேட்கவில்லை. இனிமேல் இத்தகைய வேலைக்குத் தம்மைக் கூப்பிடக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டு, இரவும் பகலும் உழைத்து 1981-ல் மாதிரியைச் செய்து கொடுத்தார். செய்யப்பட்டவை இரண்டே பெட்டிகள். பெரும் உற்பத்தி நடக்கவேயில்லை. சிறிது காலத்தில் அவர் கம்பெனியை விட்டே வெளியேறினார். நாம் அவரை நம் கட்சிக்காரர் என்று சொல்லவில்லை. சம்பளம் வாங்கும் மனிதன் ஒருவன், 'என் கையால் இதைச் செய்ய மாட்டேன்' என்று சொல்லிப் பார்த்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

பெட்டிகளைப் பூட்டிய தொழிலாளிகள் என்ன ஆனார்கள்? 1983 பிப்ரவரியில் அடாரி, வீட்டில் வைத்து ஆடும் பெட்டிகள், கம்ப்யூட்டர்கள் ஆகியவற்றின் உற்பத்தியைக் கலிபோர்னியாவிலிருந்து ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் மாற்றப் போவதாக அறிவித்தது. 1,700 பேருக்கு வேலை போயிற்று. அங்கே கூலி குறைவு, வேறென்ன காரணம்? அடாரியின் ஆட்டக் கூடப் பிரிவு கை மாறிக் கை மாறி, 2003-ல் முற்றிலும் மூடப்பட்டது.

அதற்குள் நிலைமை மாறிவிட்டிருந்தது. வீட்டு டெலிவிஷனிலேயே நல்ல ஆட்டங்கள் வந்துவிட்டன. கூடத்துக்குப் போய்க் காசு போடுவானேன்? வீட்டுப் பெட்டி கொடுக்க முடியாத ஒன்றைக் கூடத்து முதலாளி தேடினான். அதுதான் பரிசு. அமெரிக்காவில் பந்தை உருட்டிக் குழியில் போடும் ஸ்கீ-பால் என்ற ஆட்டம் 1908-லேயே காப்புரிமை பெற்றது. இரும்பு நகமும் பழையதுதான். அவற்றையெல்லாம் தூசி தட்டி எடுத்து, கம்ப்யூட்டர் மூளையைப் பொருத்தி, முன்வரிசையில் நிறுத்தினார்கள். ஜப்பானில் 1985-ல் ஸேகா கம்பெனி கொண்டுவந்த 'யூஎஃப்ஓ கேட்சர்' என்ற நகப்பெட்டி, பிறகு ஆட்டக் கூடங்களையே ஆக்கிரமித்துக்கொண்டது.

பரிசு டிக்கெட் என்பது என்ன? இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போன நம் மக்களுக்கு அந்தக் காலத்தில் தோட்டத்துரைகள் பித்தளை வில்லைகளைக் கொடுத்தார்கள். உழைத்ததற்கு அடையாளம் அந்த வில்லை; அதைப் பணமாகவோ பண்டமாகவோ மாற்றிக் கொடுப்பது துரையின் பொறுப்பு. டிக்கெட்டும் அந்த ஜாதிதான். ரூபாய் அட்டையில் புள்ளியாகிறது, புள்ளி டிக்கெட்டாகிறது, டிக்கெட் பென்சிலாகிறது. ஒவ்வொரு படியிலும் விலை வைப்பவன் ஒருவனே. ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பென்சில் என்று வாசலிலேயே சொன்னால் எந்தத் தகப்பன் வாங்குவான்?

2021-ல் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் ஒரு வழக்குத் தொடுத்தார்கள். சாவியைத் துவாரத்துக்கு நேராக நிறுத்தித் தள்ளினால் பரிசு கிடைக்கும் என்ற ஒரு பெட்டியைப் பற்றியது அது. பார்த்தால் முழுக்க முழுக்கத் திறமை ஆட்டம். ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் தோற்கும்வரை, சரியாக நிறுத்தினாலும் சாவி ஒரு மயிரிழை தள்ளிப் போகும்படி அமைத்திருக்கிறார்கள் என்றும், கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த எண் 700 என்றும் மனுவில் சொல்லப்பட்டது. எழுநூறு!

இதற்கு என்ன செய்வது? எல்லாவற்றையும் தடை செய் என்று சிலர் கிளம்புவார்கள். நியூயார்க் நகரில் 1942-ல் பின்பால் பெட்டிகளைத் தடை செய்தார்கள். மேயர் லா கார்டியா சம்மட்டியால் அடித்து நொறுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். 1976-ல் தடை நீங்கியது. பிலிப்பைன்ஸில் 1981-ல் சர்வாதிகாரி மார்க்கோஸ் வீடியோ கேம்களைத் தடை செய்தார், பிள்ளைகள் கெட்டுப் போகிறார்களாம்! அந்த நாட்டுப் பிள்ளைகளின் சோற்றில் யார் கை வைத்தார்கள் என்பது உலகத்துக்குத் தெரியும். சோவியத் நாட்டில் தடை செய்யவில்லை. எழுபதுகளில் இராணுவத் தொழிற்சாலைகளிலேயே ஆட்டப் பெட்டிகளைச் செய்தார்கள். அமெரிக்க, ஜப்பானியப் பெட்டிகளைப் பார்த்துச் செய்த நகல்கள்தாம் பெரும்பாலும், இதை மறைப்பதற்கில்லை. 'கடற்போர்' என்ற பெட்டியில் 15 கோபெக் போட்டால் பத்துக் குண்டுகள். நன்றாகச் சுட்டவனுக்குப் பரிசு இன்னொரு ஆட்டம். 2007-ல் மாஸ்கோவில் இந்தப் பழைய பெட்டிகளைத் திரட்டி ஒரு மியூஸியம் திறந்தார்கள்.

நாம் கேட்பது தடையல்ல. முதலாளித்துவ நாடுகளான பிரிட்டனும் ஜப்பானும் செய்திருப்பதில் பாதியையாவது இங்கே செய்யுங்கள் என்கிறோம். பிரிட்டனில் 2005-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் நகப்பெட்டி ஒரு சூதாட்ட மெஷின் என்றே கணக்கு. ஓர் ஆட்டத்துக்கு ஒரு பவுனுக்கு மேல் வாங்கக் கூடாது, பரிசு 50 பவுனுக்கு மேல் போகக் கூடாது. ஜப்பானில் பரிசுப் பொருளின் விலைக்குப் போலீஸ் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2022-ல் அதைச் சுமார் 800 யென்னிலிருந்து 1,000 யென்னாக உயர்த்தினார்கள். இங்கே? 1930-ம் வருஷத்து நம் மாகாணச் சூதாட்டச் சட்டம், திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டம், ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. மாலின் மூலையில் நிற்கும் பெட்டி ஆன்லைன் அல்ல. 'குறி பார்ப்பது உன் திறமை' என்று சொல்லி அது நின்றுகொண்டிருக்கிறது. குறி பார்ப்பது திறமைதான். பிடி தளர்வது யாருடைய திறமை?

மளிகைக் கடைத் தராசுக்குச் சர்க்கார் முத்திரை வைக்கிறது. பெட்ரோல் பங்கில் அளவு சரிதானா என்று சோதிக்கிறது. ஆகவே நமது கோரிக்கை எளியது. பரிசுப் பெட்டி ஒவ்வொன்றின் நெற்றியிலும், எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை முழுப் பிடி என்பதையும் பரிசின் அடக்கவிலையையும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். எடையளவு இலாகா அதைச் சோதித்து முத்திரை வைக்க வேண்டும். அட்டையில் மிஞ்சும் பணத்தைக் கேட்டவுடன் ரூபாயாகத் திருப்பித் தர வேண்டும்.

நம் பஞ்சாலைத் தோழர் இந்த மூன்றையும் ஒரு மனுவாக எழுதச் செய்து, முதல் கையெழுத்தைத் தாமே போட்டிருக்கிறார். கேம் சென்டர் கவுண்டரில் பன்னிரண்டு மணி நேரம் நின்று பென்சில் எடுத்துக் கொடுக்கும் பையன்களிடமும் அவர் பேசியிருக்கிறார். அவர்களுக்கு வார லீவு கிடையாது என்பது அப்போதுதான் நமக்குத் தெரியவந்தது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம். மனுவின் பிரதி சங்க ஆபீசில் இருக்கிறது. ஷிப்டு முடிந்து வரும் தோழர்கள் இரவு ஒன்பது மணி வரை கையெழுத்திடலாம்.